பெரியப்பா வலதுசாரியா, பழமைவாதியா, சங்கியா?

கேள்வி சுருக்கமாக இது. கேட்டவர் தில்லி மயூர் விஹாரில் இருக்கும் கல்லூரி மாணவர், அரசியல் படிக்கிறார். கைச்செலவுக்கு வெளிநாட்டுச் செய்திகளைத் தமிழில் மொழிபெயர்த்துக் கொடுக்கிறார். 'கன்சர்வேட்டிவ்' என்று வருகிற இடத்திலெல்லாம் 'பழமைவாதி' என்று போட்டு வந்திருக்கிறார். பொங்கலுக்கு வீட்டுக்கு வந்த பெரியப்பாவையும் பேச்சுவாக்கில் அப்படியே சொல்லிவிட, "நானாடா பழமைவாதி? பால்காரனுக்கே போன்லதான் பணம் அனுப்பறேன், பொண்ணைத் தனியா ஜெர்மனிக்குப் படிக்க அனுப்பியிருக்கேன்" என்று அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். 'சங்கி' என்றால் அதைவிடக் கோபம். 'வலதுசாரி' என்றால் மட்டும் "சரி, இருந்துட்டுப் போறேன்" என்கிறாராம். இந்தச் சொற்களுக்குள் என்ன வித்தியாசம், எதை எங்கே எழுதுவது என்பதுதான் கேள்வி. செய்தி மொழிபெயர்ப்பில் பல வருடம் தில்லியில் குப்பை கொட்டியவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

பெரியப்பா கோபத்தில் நியாயம் இருக்கிறது. இந்தச் சொற்கள் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள் மாதிரித் தெரிந்தாலும் வெவ்வேறு சண்டைகளில் பிறந்தவை. கோயிலுக்குள் யார் வரலாம் என்பது ஒரு சண்டை. கடையை, தொழிற்சாலையை அரசு நடத்துவதா தனியார் நடத்துவதா என்பது இன்னொன்று. இந்த தேசம் யாருடையது என்பது மூன்றாவது. ஒரே ஆள் ஒரு சண்டையில் இந்தப் பக்கமும் இன்னொன்றில் அந்தப் பக்கமும் நிற்பது சர்வசாதாரணம். ஆகவே ஒரு சொல்லைக் கேட்டதும் நான் முதலில் பார்ப்பது, அது எந்தச் சண்டையிலிருந்து வந்தது, சொல்கிறவர் யார் என்பதைத்தான்.

'வலதுசாரி' பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. 1789-ல் பிரெஞ்சு தேசிய சபையில், மன்னருக்குச் சட்டங்களை மறுக்கும் அதிகாரம் வேண்டும் என்றவர்கள் தலைவரின் வலப்பக்கமும், கூடாது என்றவர்கள் இடப்பக்கமும் உட்கார்ந்தார்கள். அவ்வளவுதான், உட்கார்ந்த இடம். அதனால்தான் இந்தச் சொல்லில் காரம் குறைவு, பெரியப்பாவும் ஏற்றுக்கொள்கிறார். நம் மக்களவையில் சபாநாயகரின் வலப்பக்கம் ஆளுங்கட்சி, இடப்பக்கம் எதிர்க்கட்சி. அந்தக் கணக்கில் ஆட்சிக்கு வருகிற எல்லாருமே வலதுசாரிகள்! தமிழில் இதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. 1964-ல் கம்யூனிஸ்ட் கட்சி உடைந்த பிறகு ஊரில் டீக்கடைக்காரர்கூட 'வலது கம்யூனிஸ்ட்', 'இடது கம்யூனிஸ்ட்' என்று சாதாரணமாகச் சொன்னார். செங்கொடி பிடித்தவரிலேயே ஒரு வலது. யாருக்கு வலது என்று கேட்காமல் இந்தச் சொல்லுக்குப் பொருளே கிடையாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை.

தில்லிக்குப் புதிதாக வந்த நம்மூர்ப் பையன்கள் இந்தியில் 'தக்ஷிண்பந்தி' என்று கேட்டுவிட்டுத் தென்னிந்தியர்களைத்தான் ஏதோ சொல்கிறார்கள் என்று சண்டைக்குப் போவதுண்டு. கிழக்கு பார்த்து நின்றால் வலக்கை தெற்கே இருக்கும். சமஸ்கிருதத்தில் இரண்டுக்கும் ஒரே சொல். கோபப்பட வேண்டாம், அது வலதுசாரிதான்.

'பழமைவாதி'தான் சிக்கலான சொல். பழையதைப் பிடித்துக்கொண்டிருப்பவரைக் கிண்டல் செய்யத் தமிழில் சொற்களுக்குப் பஞ்சமே இல்லை. கட்டுப்பெட்டி என்போம், பெரும்பாலும் பெண்களை. 'சுத்தக் கர்நாடகம்' என்போம். 'பத்தாம்பசலி' என்போம். பசலி என்பது முகலாயர் காலத்து வருவாய்க் கணக்கு ஆண்டு. அறுவடையை வைத்து எண்ணுவது. தமிழ்நாட்டு வருவாய்த்துறையில் இன்றும் ஜூலை 1-ல் புதிய பசலி பிறக்கிறது. 2024 ஜூலையில் பிறந்தது 1434. அப்படியிருக்கப் பத்தாம் பசலியில் நிற்கிற ஆள் எவ்வளவு பின்னால் நிற்கிறார் பாருங்கள். தில்லிக்காரர்களும் சளைத்தவர்கள் இல்லை. 'தகியானூசி' என்று ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். கி.பி. 249 முதல் 251 வரை ரோமை ஆண்ட தேசியஸ் என்ற பேரரசரின் பெயர் அரபு, பாரசீகம் வழியாகத் 'தகியானூஸ்' ஆகி வந்தது. அவருக்குப் பயந்து குகையில் ஒளிந்து பல தலைமுறை தூங்கிவிட்டவர்கள் எழுந்து, அவர் காலத்துக் காசை எடுத்துக்கொண்டு கடைக்குப் போன கதை இஸ்லாமிய மரபிலும் கிறிஸ்தவ மரபிலும் உண்டு. நம்மவர் முகலாயக் காலண்டரை வைத்துத் திட்டினால் தில்லிக்காரர் ரோமாபுரிச் சக்கரவர்த்தியை வைத்துத் திட்டுகிறார்.

இந்தச் சொற்களின் வாசனைதான் 'பழமைவாதி'யிலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆங்கிலேயர் தம் கட்சிக்கே 'கன்சர்வேட்டிவ்' என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். 1830-களில் ராபர்ட் பீல் காலத்தில் அந்தப் பெயர் நிலைத்தது. பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் பெயர் அது. இருப்பதைக் காப்பாற்று, மாற்றுவதானால் நிதானமாக மாற்று என்பது அதன் சாரம். இந்தச் சிந்தனைக்குத் தாத்தா என்று சொல்லப்படும் எட்மண்ட் பர்க் அவருடைய காலத்தில் எதிர்முகாமான விக் கட்சிக்காரர். இந்தியாவில் கிழக்கிந்தியக் கம்பெனி செய்த அட்டூழியங்களுக்காக வாரன் ஹேஸ்டிங்ஸைப் பாராளுமன்றத்தில் கூண்டில் ஏற்றியதும் அவர்தான். அவரைத் தமிழில் 'பழமைவாதி' என்று எழுதினால் நம் வாசகர் மனதில் வருவது பஞ்சாங்கமும் தீட்டும்தான். 'மரபுவாதி' என்றால் கொஞ்சம் நெருங்குகிறது. இலக்கியக் கட்டுரைகளில் அது ஓடுகிறது. அரசியலில் யாரும் பிடித்துக்கொள்ளவில்லை.

தமிழில் ஏன் ஒரு மரியாதையான சொல் வேரூன்றவில்லை? என் அபிப்பிராயம் இது. நூறு வருடமாகத் தமிழ்நாட்டு அரசியலில் எல்லாரும் 'முன்'னேயே நிற்க ஆசைப்பட்டார்கள். 1949-ல் பிறந்த கழகத்தின் பெயரிலேயே முன்னேற்றம் இருக்கிறது. இடதுசாரிகளுக்கு 'முற்போக்கு'. எதிரில் நிற்பவருக்குத் தானாகவே 'பிற்போக்கு' என்ற பட்டம் போய்விடும். இது வர்ணனை அல்ல, தீர்ப்பு. காலம் ஒரே திசையில் ஓடுகிறது, நீ எதிர்த்திசையில் போகிறாய் என்று சொல்வது. இப்படித் தன்னைத்தானே அழைத்துக்கொண்ட ஒருவரையும் நான் பார்த்ததில்லை. செய்தியில் 'பிற்போக்குவாதி' என்று எழுதினால் நீங்கள் செய்தி சொல்லவில்லை, ஓட்டுப் போடுகிறீர்கள்.

தமிழ்நாட்டிலிருந்து வந்து, தன்னைக் கூச்சமில்லாமல் அந்தப் பக்கம் நிறுத்திக்கொண்ட பெரிய தலைவர் என்றால் ராஜாஜிதான். 1959-ல், எண்பது வயதில், சுதந்திராக் கட்சியை ஆரம்பித்தார். ஆளுங்கட்சி இடப்பக்கம் சாய்ந்துவிட்டது, எதிரில் வலுவான ஒரு வலதுபக்கக் கட்சி வேண்டும் என்பது அவர் வாதம். 'லைசென்ஸ் பெர்மிட் ராஜ்' என்று இன்றும் எல்லாரும் சொல்லும் பிரயோகத்தைப் புழக்கத்தில் விட்டவர் அவர். 1967 தேர்தலில் அந்தக் கட்சி 44 இடம் பிடித்து மக்களவையில் மிகப் பெரிய எதிர்க்கட்சியாக உட்கார்ந்தது, பா.ஜ.க.வின் முன்னோடியான ஜனசங்கத்துக்கு 35. சுதந்திராக் கட்சிக்காரர்களை அமெரிக்கக் கைக்கூலி என்று திட்டுவது அப்போது தில்லியில் வழக்கம். பிலூ மோடி என்ற குசும்புக்கார எம்.பி., 'நான் சி.ஐ.ஏ. ஏஜெண்ட்' என்று எழுதிய அட்டையை மாட்டிக்கொண்டு நாடாளுமன்றத்துக்கு வந்தார். ஒரு வசைச் சொல்லை இப்படியும் சமாளிக்கலாம்.

ராஜாஜியை எந்தச் சொல்லில் அடைப்பது? 1933-ல் மகளைக் காந்தியின் மகனுக்குக் கட்டிக்கொடுத்தார், ஜாதி தாண்டி. 1939-ல் மதுரை மீனாட்சி கோயிலுக்குள் வைத்தியநாத ஐயர் தலைமையில் தாழ்த்தப்பட்டவர்கள் நுழைந்தபோது, அவர்களுக்குச் சட்டப் பாதுகாப்புக் கொடுத்தது ராஜாஜி அரசு. வைதிகர்கள் அவரைச் சபித்தார்கள். 1953-ல் அதே மனிதர் கொண்டுவந்த கல்வித் திட்டம் 'குலக்கல்வி' என்று பெயர் வாங்கி, மறு வருடம் முதல்வர் பதவியே போயிற்று. பொருளாதாரத்தில் தனியார் பக்கம். ஆனால் பாகிஸ்தானோடு சமாதானம் வேண்டும், காஷ்மீரில் ஷேக் அப்துல்லாவை விடுதலை செய்ய வேண்டும் என்றவர்; அணுகுண்டுச் சோதனைகளை நிறுத்தச் சொல்லி 1962-ல் வாஷிங்டன் வரை போய்க் கென்னடியைப் பார்த்தவர். இன்றைக்கு ஒரு டிவி விவாதத்தில் காஷ்மீர் பற்றி அவர் பேசியிருந்தால், அவரைத் தேசத்துரோகி என்று சொல்லக்கூடியவர்கள் தங்களை வலதுசாரி என்றுதான் அழைத்துக்கொள்வார்கள். 1959-ன் வலது வேறு, இன்றைய வலது வேறு.

இதைவிட விசித்திரம் காமராஜர் கதை. இரண்டு காட்சிகளும் தில்லியில்தான். 1966 நவம்பர் 7-ஆம் தேதி பசுவதைத் தடைச் சட்டம் கேட்டு சாமியார்களும் தொண்டர்களுமாக ஒரு பெரும் கூட்டம் நாடாளுமன்றத்தை முற்றுகையிட வந்தது. கலவரம், துப்பாக்கிச் சூடு, உயிர்ச்சேதம். கூட்டத்தில் ஒரு பகுதி காங்கிரஸ் தலைவராக இருந்த காமராஜர் தங்கியிருந்த வீட்டைத் தாக்கித் தீ வைத்தது. அவர் தப்பித்தார், உள்துறை மந்திரி குல்சாரிலால் நந்தாவின் பதவி போயிற்று. அன்றைக்குக் காமராஜர் யார்? மதத்தின் பெயரால் வந்தவர்களின் எதிரி, அதாவது 'முற்போக்கு'. அவர் தலைமை ஏற்ற 1964 புவனேஸ்வர் மாநாட்டில்தான் காங்கிரஸ் ஜனநாயக சோஷலிசத்தைத் தன் இலக்காக அறிவித்திருந்தது.

மூன்றே வருடம். 1969 ஜூலையில் இந்திரா 14 வங்கிகளை நாட்டுடைமை ஆக்கினார், குடியரசுத் தலைவர் தேர்தலில் கட்சி வேட்பாளரைக் கைவிட்டார், நவம்பரில் கட்சி உடைந்தது. காமராஜர் மறுபக்கம் நின்றார். அந்தப் பக்கம் நின்ற மூத்த காங்கிரஸ் தலைவர்களுக்கு 'சிண்டிகேட்' என்று ஏற்கெனவே பெயர். இந்திராவை ஆதரித்தவர்களின் மேடைகளில் அதோடு 'வலதுசாரிப் பிற்போக்கு சக்திகள்' என்பதும் சேர்ந்தது. ஏழைப் பிள்ளைகளுக்கு மதிய உணவு போட்டு, ஊர் ஊராகப் பள்ளிக்கூடம் திறந்தவர் பிற்போக்கு! அவர் கொள்கையில் ஒரு வரி மாறவில்லை. தில்லியில் சண்டை மாறியது, அவ்வளவுதான். 1971 தேர்தலில் ஜென்ம எதிரிகளாக இருந்த ராஜாஜியும் காமராஜரும் ஓரணியில் நின்றார்கள், தோற்றார்கள். சுதந்திராக் கட்சி எட்டு இடத்துக்குச் சுருங்கி, 1974-ல் வேறொரு கட்சியில் கரைந்தது.

இப்போது பெரியப்பா விஷயத்துக்கு நெருங்கி வரலாம். 'சனாதனி' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். 2023 செப்டம்பரில் உதயநிதி ஸ்டாலின் பேச்சுக்குப் பிறகு தில்லி சேனல்களில் வாரக்கணக்கில் ஓடிய சொல். நம் பக்கத்து ஆட்கள் அதை 1930-களின் காதால் கேட்கிறார்கள். அப்போது கோயில் நுழைவை எதிர்த்தவர்கள், பெண்ணின் திருமண வயதைப் பதினாலாக்கிய 1929-ன் சாரதா சட்டத்தை எதிர்த்தவர்கள், தாங்களே வைத்துக்கொண்ட பெயர் சனாதனிகள். அதனால் தமிழ்நாட்டில் சனாதனம் என்றால் வர்ணாசிரமம். வடக்கே சாதாரண பக்தியுள்ள ஒரு குடும்பம், குறிப்பாக ஆர்ய சமாஜத்தில் சேராமல் சிலை வழிபாட்டைத் தொடர்ந்தவர்கள், தங்களைச் சனாதனிகள் என்று சாதாரணமாகச் சொல்லிக்கொள்வார்கள். காந்தியே 1921-ல் தன்னைச் சனாதன இந்து என்று எழுதினார். அதே காந்திக்குக் கருப்புக் கொடி காட்டியவர்களும் சனாதனிகள்தான். ஒரே சொல்லை வைத்துக்கொண்டு சென்னையும் தில்லியும் இரண்டு வேறு விஷயங்களைப் பேசின. ஆர்.கே.புரம் மலை மந்திரில் சஷ்டிக்கு வரிசையில் நிற்கிறவரைப் பக்கத்து வீட்டு சர்மாஜி சனாதனி என்பார், பாராட்டாக. சென்னையிலிருந்து வந்த மச்சினர் அதே சொல்லைச் சொன்னால் அது வசவு.

இன்னொரு முடிச்சு உண்டு. இந்துத்துவமும் பழமைவாதமும் ஒன்று என்று பலர் நினைக்கிறார்கள். சாவர்க்கரை எடுத்துக்கொள்ளுங்கள். 1931-ல் ரத்னகிரியில் எல்லா ஜாதியினரும் நுழையும்படி பதித பாவன் கோயில் எழ முன்னின்றவர். பசு பயனுள்ள பிராணி, தெய்வமல்ல என்று வெளிப்படையாக எழுதியவர். சடங்குகளில் நம்பிக்கை இல்லாதவர். அவரைப் பழமைவாதி என்றால் அவரும் சிரிப்பார், உண்மையான வைதிகரும் சிரிப்பார். உண்மையான வைதிக அரசியல் என்றால் கர்பாத்ரி மகராஜ் என்ற துறவி. கோயில் நுழைவு, இந்து சட்டத் திருத்தம் இரண்டையும் எதிர்த்தவர். அவருடைய ராம ராஜ்ய பரிஷத்துக்கு முதல் பொதுத்தேர்தலில் மூன்று இடம். ஜனசங்கத்துக்கும் மூன்றே இடம்தான். 1966 பசு கிளர்ச்சியில் முன்னால் நின்றவரும் அவரே. அந்தக் கிளர்ச்சியில் ஜனசங்கத்தாரும் அவரோடு சேர்ந்து நின்றார்கள், ஆனாலும் அவர் ஆர்.எஸ்.எஸ்.-ஸைக் கடுமையாக விமர்சித்து எழுதியவர். கர்பாத்ரி சாஸ்திரத்தைக் காப்பாற்ற வந்தார், சாவர்க்கர் ஒரு தேசத்தை உருவாக்க வந்தார். இருவரையும் ஒரே சொல்லால் அழைத்தால் பாதி அரசியல் புரியாமல் போய்விடும்.

பொருளாதாரத்துக்கு வந்தாலும் 'வலது' சரியாக உட்காராது. 1980-ல் தில்லியில் பா.ஜ.க. பிறந்தபோது அது ஏந்திய கொள்கையின் பெயர் காந்திய சோஷலிசம். சங்கப் பரிவாரத்தின் தொழிற்சங்கமான பாரதிய மஸ்தூர் சங் 1955 முதல் இருக்கிறது. மத்திய அரசு அலுவலகங்களில் வேலை பார்த்த தில்லித் தமிழர்களுக்கு அந்தக் கொடி நன்றாகத் தெரியும். தனியார்மயத்தை எதிர்த்து அவர்களும் கோஷம் போடுவார்கள். 1991-ல் சந்தையைத் திறந்தது காங்கிரஸ்.

சரி, 'சங்கி'. இந்தச் சொல்லுக்குத் தில்லியில் ஒரு பழைய வாழ்க்கை உண்டு, தமிழ்நாட்டில் அது தெரியாது. ஜனசங்கம் 1951-ல் இங்கே தொடங்கப்பட்ட கட்சி. பிரிவினையில் வந்த பஞ்சாபிகளும் பழைய தில்லி வியாபாரிகளும் அதன் முதுகெலும்பு. 1967-ல் தில்லியின் ஏழு மக்களவைத் தொகுதிகளில் ஆறு அவர்களுக்குத்தான். கரோல் பாக்கில் குடியிருந்த நம்மவர்களுக்கு வீட்டுக்காரரோ எதிர்வீட்டுக்காரரோ ஜனசங்கியாக இருந்திருப்பார். 'அவர் ஜனசங்கி' என்றால் 'அவர் காங்கிரஸ்காரர்' என்பது போல ஒரு தகவல், அதற்கு மேல் ஒன்றுமில்லை. 'சங்கி' என்று குறுக்கிச் சுடு சொல்லாக்கியது பின்னால் வந்த பல்கலைக்கழக அரசியலும் சமூக ஊடகமும். கூடவே 'சட்டி' என்று அரைக்கால் டிரவுசரை வைத்து ஒரு கேலியும் வந்தது. 2016-ல் ஆர்.எஸ்.எஸ். முழுக்கால் சட்டைக்கு மாறிய பிறகும் கேலி மட்டும் அரைக்கால் சட்டையிலேயே இருக்கிறது.

தமிழுக்கு வந்தபோது இன்னொரு குழப்பம். இந்தியில் சங்கத்துக்காரரை, அதாவது ஆர்.எஸ்.எஸ்.காரரை, குறிக்கும் சொல்லில் வருவது மூச்சோடு ஒலிக்கும் 'க'. அந்த மூச்சு இல்லாமல் சொன்னால் அது தோழன், கூட்டாளி. 'சங்கி-சாத்தி' என்று தில்லியில் தினமும் காதில் விழும். தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றுதான். அதனால்தான் 'சங்கி என்றால் நண்பன்' என்ற விளக்கங்கள் தமிழ்நாட்டு மேடைகளில் எடுபடுகின்றன. தில்லியில் இந்த விளக்கத்தைச் சொன்னால் காய்கறிக்காரர்கூட நம்ப மாட்டார். 2024 ஜனவரியில் ரஜினிகாந்தின் மகள் தன் தந்தை சங்கி இல்லை என்று மேடையில் சொன்னதும், சங்கி என்பது கெட்ட வார்த்தை என்று அவர் சொல்லவில்லை என ரஜினி விளக்கம் கொடுக்க வேண்டி வந்ததும் நினைவிருக்கும். ஆமாம் என்றாலும் வம்பு, இல்லை என்றாலும் வம்பு.

மோடி ஆதரவாளரைக் கேலியாகச் சொல்லும் 'பக்தர்' கதையும் அதே மாதிரி. அது இந்தியில் 'அந்த்பக்த்' ஆகி, தமிழில் 'பக்தாள்' என்று அக்ரகார வால் ஒட்டிக்கொண்டு உலவுகிறது. அந்த வால் ஒரு ஜாதியைச் சேர்த்து இடிக்கிறது. தில்லியில் அந்த இடி கிடையாது. எதிர்ப்பக்கமும் சும்மா இருக்கவில்லை: துக்டே துக்டே கேங், அர்பன் நக்சல், கான் மார்க்கெட் கேங் என்று அவர்களிடமும் ஒரு மூட்டை இருக்கிறது. அது வேறு கேள்வி.

உங்கள் பெரியப்பாவைப் பற்றி நீங்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால் அவர் ஆசாரக்காரர் இல்லை. பெண் படிப்பில் தாராளம், புதுச் சாதனங்களில் ஆர்வம், தேர்தலில் ஓட்டு பா.ஜ.க.வுக்கு, ஆனால் ஆர்.எஸ்.எஸ். கிளைக்கு ஒருநாளும் போனதில்லை. அவரைச் சங்கி என்பது தகவலாகவே தப்பு. 'பா.ஜ.க. ஆதரவாளர்' என்பது போதும். அவரைக் கேட்டால் 'தேசியவாதி' என்பார். ஆனால் அந்தச் சொல்லையும் பார்த்துப் போடுங்கள். தமிழ்நாட்டுப் பழைய தலைமுறைக்குத் தேசியவாதி என்றால் கதர் போட்ட காங்கிரஸ்காரர். இளைய தலைமுறைக்கு முன்னால் 'தமிழ்த்' என்று ஒரு சொல் சேர்ந்தே ஒலிக்கும். அதற்கும் பெரியப்பாவுக்கும் ஏழாம் பொருத்தம்.

இனி உங்கள் மொழிபெயர்ப்பு வேலை. பிரிட்டன் செய்தியில் 'கன்சர்வேட்டிவ் கட்சி' என்று பெயரை அப்படியே எழுதுங்கள், அது பெயர்ச்சொல். 'டோரி' என்று வந்தால் அதே கட்சிதான் என்று ஒருமுறை சொல்லிவிடுங்கள். அது அயர்லாந்தில் வழிப்பறிக்காரர்களைக் குறித்த சொல். 1680 வாக்கில் எதிரிகள் வசையாக வீசியதை இவர்கள் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்கள். மார்கரெட் தாட்சரைப் 'பழமைவாதத் தலைவர்' என்று எழுதாதீர்கள். அரசு நிறுவனங்களை விற்று, தொழிற்சங்கங்களை உடைத்து, நாட்டையே தலைகீழாக்கியவர். அவர் எதையும் இருந்தபடி விட்டுவைக்கவில்லை.

அமெரிக்காதான் மொழிபெயர்ப்பாளருக்குத் தலைவலி. அங்கே 'கன்சர்வேட்டிவ்' என்ற ஒரே கூரையின் கீழ் வரி குறைக்கச் சொல்லும் வியாபாரி இருக்கிறார், கருக்கலைப்பை எதிர்க்கும் சர்ச்சுக்காரர் இருக்கிறார், 2003-ல் இராக் போருக்குத் தூபம் போட்ட நியோகான் (புதிய கன்சர்வேட்டிவ்) இருக்கிறார், அந்தப் போரையே முட்டாள்தனம் என்று சொல்லி இறக்குமதிக்கு வரி போடும் டிரம்ப் கோஷ்டியும் இருக்கிறது. நியோகான்களின் முதல் தலைமுறையில் பலர் இடதுசாரிகளாக இருந்து மாறியவர்கள். ஆகவே செய்தி எதைப் பற்றியதோ அதைப் பிடித்து எழுதுங்கள்: கருக்கலைப்பு எதிர்ப்பாளர்கள், வரிக்குறைப்பு ஆதரவாளர்கள், டிரம்ப் ஆதரவாளர்கள். பொதுவாகச் சொல்லித்தான் ஆக வேண்டும் என்றால் 'வலதுசாரி' போதும். 'சிவப்பு மாநிலங்கள்' என்று மட்டும் நேரடியாக எழுதிவிடாதீர்கள். 2000 தேர்தலிலிருந்து அங்கே சிவப்பு குடியரசுக் கட்சியின் நிறம். நம் வாசகர் டெக்சாஸில் கம்யூனிஸ்ட் ஆட்சி என்று நினைத்துக்கொள்வார்.

பழைய சோவியத் செய்திகளைப் புரட்ட நேர்ந்தால் இன்னும் கவனம் வேண்டும். 1991 ஆகஸ்டில் கோர்பசேவைச் சிறைவைத்து ஆட்சியைப் பிடிக்கப் பார்த்தவர்களை மேலைநாட்டுப் பத்திரிகைகள் 'கன்சர்வேட்டிவ்' என்றன. அவர்கள் பழைய பாணிக் கம்யூனிஸ்டுகள். அங்கே 'வலதுசாரி' என்று மொழிபெயர்த்தால் சரித்திரமே புரண்டுவிடும்; 'பழமைவாதக் கம்யூனிஸ்டுகள்' என்பதுதான் பொருந்தும். பழமைவாதி என்ற சொல் எந்த உறுத்தலும் இல்லாமல் உட்காரும் அபூர்வமான இடங்களில் அதுவும் ஒன்று. அப்புறம் 'லிபரல்'. ஆஸ்திரேலியாவின் லிபரல் கட்சியும் ஜப்பானின் லிபரல் டெமாக்ரடிக் கட்சியும் வலப்பக்கக் கட்சிகள். அமெரிக்காவில் லிபரல் என்றால் இடப்பக்கம். பெயரை எழுதிய கையோடு அடைமொழியாக அந்த நாட்டில் அது எந்தப் பக்கம் என்பதையும் சேர்த்துவிடுங்கள், வாசகருக்கும் குழப்பமில்லை, நாளைக்கு ஆசிரியர் உங்களைக் கூப்பிட்டுக் கேட்கவும் மாட்டார்.